பாலத்தின் மேல் நிறுத்தாதீர்

நவம்பர் 20, வியாழன்

ஸ்டேஷனில் தினமும் ஒரு நாட்குறிப்பு எழுதத்தான் செய்கிறேன். வண்டி எண், இடம், சட்டப்பிரிவு, கையெழுத்து. அதற்கு மேல் ஒரு வரி எழுதினால் டிஎஸ்பி, என்ன மங்கையர்க்கரசி கதை எழுதுகிறீர்களா என்று கேட்பார். இந்த டைரி வேறு. என் மகள் சிந்துஜா தீபாவளிக்கு வாங்கி வந்தது. யாரையாவது திட்ட வேண்டுமானால் இதில் திட்டிக்கொள், திருச்சி ஹாஸ்டலுக்கு போன் போட்டு என்னிடம் திட்டாதே என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் திட்டு என் வீட்டுக்காரருக்கு. பெயர் இராஜமாணிக்கம். அரசு பஸ் டிரைவர். டவுனிலிருந்து வெள்ளாழித்துறைக்குப் போய்வரும் வண்டி. நான் அதே சாலைக்கு டிராஃபிக் எஸ்.ஐ. போன மாதம் உப்பனாற்றுப் பாலத்தின் நட்டநடுவில் பஸ்ஸை நிறுத்தி, மீன்காரப் பெண்களின் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் பலகை. "பாலத்தின் மேல் வண்டிகளை நிறுத்தாதீர்". ஒவ்வொரு எழுத்தும் முழங்கை நீளம். பின்னால் மார்க்கெட் வரைக்கும் வண்டிகள் நின்று ஹாரன் அடிக்கின்றன. நான் போய், படிக்கத் தெரியாதா என்று கேட்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள், சிரித்தார்கள். கேஸ் போட்டேன். டிப்போவில் மெமோ கொடுத்தார்கள். புருஷனுக்கே கேஸ் போட்ட எஸ்.ஐ. என்று என் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது.

அன்றிலிருந்து மனிதர் டிப்போ ஓய்வறையில் படுத்துக்கொள்கிறார். பேச்சு வார்த்தை இல்லை. கேஸ் போட்டது சரி. யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்.

கடலில் ஏதோ புயல் சின்னமாம்.

நவம்பர் 21, வெள்ளி

இரண்டு பேருக்கு அரைத்த மாவு புளித்து வழிந்துவிட்டது. கை பழகிவிட்டது, அளவைக் குறைக்கத் தெரியவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

கலெக்டர் ஆபீசில் கூட்டம். புயலுக்கு ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள், வாயில் நுழையவில்லை. எங்கள் பக்கம் எல்லோரும் "அது" என்றுதான் சொல்கிறார்கள். அது செவ்வாய்க்கிழமை மாலையில் நேராக வெள்ளாழித்துறை மேல் ஏறும் என்று படம் போட்டுக் காட்டினார்கள்.

வெள்ளாழித்துறை கடலுக்குள் நாக்கை நீட்டியது மாதிரி நீண்டு கிடக்கும் மணல் திட்டு. மூன்று பக்கமும் தண்ணீர். வெளியே வர ஒரே சாலை, பதினெட்டு கிலோமீட்டர். அதன் முடிவில் உப்பனாற்றுப் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் என் செக்போஸ்ட். நாக்கின் மேல் ஏழு மீனவர் ஊர்கள், உப்பளத்துக் குடியிருப்புகள். கஜா புயலின்போது கடல் சாலையைத் தொட்டு நின்றது. இந்த முறை சாலைக்கு மேலே போகும் என்கிறார்கள். அத்தனை பேரையும் செவ்வாய் மதியத்துக்குள் வெளியே கொண்டுவந்தாக வேண்டும்.

சாலையின் இரண்டு பக்கத்தையும் வெளியே வரும் வண்டிகளுக்கே திறந்துவிடுவது என்று முடிவு. வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். பொறுப்பு அதிகாரி யார் என்றார் கலெக்டர். டிஎஸ்பி என்னைக் காட்டினார்.

நவம்பர் 24, திங்கள்

விடிந்ததிலிருந்து நின்றபடியே. இப்போதுதான் உட்கார்ந்தேன். கால் என்னுடையது மாதிரியே இல்லை.

காலையில் சாலையின் இரண்டு பக்கத்தையும் திறந்துவிட்டதும் வண்டிகள் வரத் தொடங்கின. நான் இருபத்திரண்டு வருஷமாக வண்டிகளைப் பார்க்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. கார், வேன், டிராக்டர், மீன் வண்டி, ஆட்டோ. டிவிஎஸ் ஃபிஃப்டியில் முன்னால் இரண்டு ஆடு, பின்னால் மாமியார். ஒரு குட்டி யானை வண்டியில் கல்யாணத்துக்கு வாங்கிய பீரோ, அதற்குள் கோழிகள், கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். சாலை முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும், ஒரே திசையில். அவ்வளவு கூட்டத்திலும் ஹாரன் சத்தம் இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. பயந்த ஜனம் சத்தம் போடாது போலிருக்கிறது.

பத்து மணிக்கெல்லாம் டிஎஸ்பி போனில் பாராட்டினார். பதினொரு மணிக்குத்தான் தப்பு தெரிந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் அரசு பஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே போக வழி இல்லை. வண்டி வைத்திருப்பவன் எல்லாம் வெளியே வந்துகொண்டிருக்கிறான். வண்டி இல்லாதவர்கள், கிழவன் கிழவி, பிள்ளைத்தாய்ச்சி, உப்பளக் கூலிகள், ஏழு ஊர் பஸ் நிறுத்தத்திலும் மூட்டையோடு நிற்கிறார்கள். அவர்களைக் கூட்டி வரவேண்டிய பஸ்ஸுக்கு நாமே கதவைச் சாத்திவிட்டோம். வரைபடத்தில் தலையாட்டிய யாருக்கும், எனக்கும், இது தோன்றவில்லை.

வரிசையில் முதல் பஸ் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன். என்னைப் பார்க்காமல் என் கான்ஸ்டபிள் அந்தோணியைக் கூப்பிட்டு, உள்ளே போக வழி எங்கே என்று கேட்டுச் சொல்லு என்றார். பத்தடியில் நான் நிற்கும்போது நடுவில் ஒரு தபால்காரன்.

ஒரு பக்கத்தை பஸ்ஸுக்கு ஒதுக்க வேண்டும். சொல்வது சுலபம். நம் ஊரில் நடுவில் வெறும் கோடு இருந்தால் யார் மதிப்பார்கள்? இடைவெளி தெரிந்தால் வண்டியை நுழைத்துவிடுவான். என்னிடம் இருந்தது இருபது பாரிகேட். பதினெட்டு கிலோமீட்டருக்கு இருபது பாரிகேட்.

அப்போது மீன் வண்டி ஒன்று கடந்தது. மேலே வலைகளை அள்ளிப் போட்டிருந்தார்கள். மிதவை கோத்த கயிறு ஒன்று அவிழ்ந்து சாலையில் இழுபட்டு வந்தது. பின்னால் வந்த பையன்கள் பைக்கை நிறுத்தி இறங்கி, கயிற்றை எடுத்து வண்டி மேல் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். உயிருக்கு ஓடுகிற நேரத்தில். இந்தப் பக்கத்தில் வலைக்கயிற்றை யாரும் தாண்டமாட்டார்கள். காலாலும் தாண்டமாட்டார்கள், வண்டியாலும் தாண்டமாட்டார்கள். தாண்டினால் தொழிலை மிதித்த மாதிரி. பாரிகேட்டைத் தள்ளிவிட்டுப் போகிறவன்கூட வலைக்கயிற்றுக்கு நிற்பான்.

அந்தோணியின் பைக்கில் ஏறி, எதிரே வரும் கூட்டத்தின் ஓரமாகவே வெள்ளாழித்துறைக்குப் போனேன். அங்கே நாட்டார் கலியபெருமாள்தான் ஊர்த் தலைவர். அவர் சொன்னால் ஏழு ஊரும் கேட்கும். மிதவைக் கயிறு எவ்வளவு இருக்கிறதோ எல்லாம் வேண்டும், சாலை நடுவில் விரிக்க வேண்டும் என்றேன்.  ஒரு மீனவனிடம் கயிறு கேட்பது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

"தரோம்மா. ஆனா ஒரு முழம்கூட அங்க உட்டுட்டு வரமாட்டோம். கடைசியில சுருட்டி எடுத்துக்கிட்டுத்தான் கெளம்புவோம். சம்மதமா?"

கயிறு முழுசாகத் திரும்பும், அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஆண்களும் பெண்களும் கயிற்றுச் சுருள்களைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். எங்கள் எல்லை வரை எங்கள் கயிறு, அதற்கப்புறம் அவர்கள் என்று ஊருக்கு ஊர் போட்டி. வெள்ளை மிதவை, ஆரஞ்சு மிதவை, எங்கோ தொலைவில் பச்சை. கிலோமீட்டர் கணக்கில் நெளியாமல் நடுக்கோட்டின் மேல் கிடந்தது. ஒரு வண்டியும் தாண்டவில்லை. மதியம் முதல் பஸ் அந்தக் கயிற்றுக்கு இடப்பக்கமாக, காலியாக இருந்த பாதையில், உள்ளே போனது. கூட்டத்தில் யாரோ கும்பிட்டார்கள். எனக்கும் கையெடுக்கத் தோன்றியது, சீருடையில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

அவருடைய பஸ்ஸில் டிரைவர் பக்கத்து வைப்பர் வேலை செய்யவில்லை. நாளைக்கு மழை கொட்டப்போகிறது. டிப்போவில் யாராவது கவனிப்பார்கள். எனக்கென்ன.

நவம்பர் 25, செவ்வாய், காலை

அந்தோணியிடம் சொல்லி வைப்பரைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். மாற்றுவதற்கு உதிரி இல்லையாம், கயிறு கட்டி உள்ளிருந்தபடி கையால் இழுத்துக்கொள்கிறாராம். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கயிற்றில். இதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது, கேஸ் போடலாம்.

மழை படுக்கைவாட்டில் அடிக்கிறது. பஸ்கள் போகின்றன, வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஜன்னல் வரைக்கும் முகங்கள்.

செவ்வாய், மதியம்

இரண்டு மணிக்குப் பாலத்தை மூட உத்தரவு. பாலத்து விளக்குக் கம்பங்கள் ஆடத் தொடங்கினால் மணி பார்க்காமல் மூடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடைசி நடை போனது பன்னிரண்டரைக்கு. கயிற்றைச் சுருட்டும் ஆட்களையும், கடைசி ஊரில் மிச்சமிருப்பவர்களையும் ஏற்றி வரவேண்டும். என் பக்கத்தில் வந்ததும் பஸ் கொஞ்சம் மெதுவானது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். வைப்பர் கயிற்றைச் சரி செய்தார், போய்விட்டார்.

செவ்வாய், மூன்று மணி

ஒன்றரைக்குள் எல்லா பஸ்ஸும் வந்துவிட்டன. அவருடையது வரவில்லை. நாட்டாருக்குப் போன் போட்டேன். பின்னால் காற்றின் ஊளை.

"சுருட்டிக்கிட்டு இருக்கோம்மா, இன்னும் ரெண்டு ஊர்க் கயிறு பாக்கி. டிரைவர் தம்பி ஊர் ஊரா நிறுத்தி ஏத்திக்கிட்டு வர்றாரு."

கயிற்றை விட்டுவிட்டு வாருங்கள் என்று கத்தினேன். அத வுட்டுட்டு எப்டிம்மா என்று கேட்டது, அத்தோடு டவர் போய்விட்டது. கயிறு சுருட்டுகிறார்களாம், கயிறு. உலகத்தில் யாராவது செய்வார்களா? சொன்னால் சொன்னபடி நடக்கிற ஜனத்திடம் போய் யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

இரண்டு மணிக்குக் கம்பங்கள் ஆடின. சாதாரணமாக ஆடவில்லை, தலையை உலுக்குவது மாதிரி ஆடின. பாலத்தின் மேல் போட்டிருந்த என்னுடைய பாரிகேட் ஒன்று உயரே எழும்பி ஆற்றில் விழுந்தது. பஸ் பக்கவாட்டில் நல்ல உயரம், அந்தக் காற்றில் பாலத்துக்கு வந்தால் கவிழும். சங்கிலியை நானே மாட்டினேன். அந்தோணி என் முகத்தைப் பார்க்காமல் பூட்டை நீட்டினான். பூட்டினேன். சிந்துஜா போன் செய்தாள். அப்பா வந்துட்டாராம்மா என்றாள். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். அது பொய் இல்லை.

செவ்வாய், மாலை

எழுத முடியவில்லை. கதவில் மேஜையை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். காற்றுக்கு இப்படி ஒரு குரல் உண்டென்று தெரியாது. ரயில் சத்தம் என்று சொல்வார்கள். ரயில் போய்விடும், இது போகவே இல்லை.

செவ்வாய், ஆறு மணி

திடீரென்று நின்றது. காதைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். அந்தோணி சொன்னான், கண் பகுதி மேடம், கொஞ்ச நேரம்தான், அப்புறம் எதிர்ப் பக்கமிருந்து வரும் என்று. வெளியே வந்தோம்.

மேலே வானம் திறந்திருந்தது. கிணற்றின் அடியிலிருந்து பார்ப்பது மாதிரி சுற்றிலும் மேகச் சுவர், நடுவில் மங்கலான மஞ்சள் வெளிச்சம். பறவைகள், கடல் பறவைகள், நூற்றுக்கணக்கில் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. வெளியே போக அவற்றுக்கும் வழி தெரியவில்லை. ஒரு இலைகூட அசையவில்லை. பயம் எல்லாம் போய், இவ்வளவு பெரிய ஒன்றின் நடுவில் நான் நிற்கிறேனே என்ற எண்ணம் மட்டும் இருந்தது. கடவுள் சந்நிதியில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ஸ்டேஷன் நாட்குறிப்பில் அதை எழுதப்போவதில்லை. பூட்டைத் திறந்து சங்கிலியை அவிழ்த்துக் கீழே போட்டேன். அந்தோணி, மேடம் உத்தரவு இல்லையே என்றான். வாயை மூடு என்றேன். காற்று இல்லாத இந்தக் கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தால் பாலத்தைக் கடந்துவிடலாம். டார்ச்சை எடுத்துப் பாலத்தின் தொடக்கத்தில் நின்று அந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டே இருந்தேன். கை வலித்தது. இந்த மனிதர் வரவேண்டிய நேரத்தில் என்றைக்கு வந்திருக்கிறார்? நிச்சயதார்த்தத்துக்கே தாமதம். நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்துவார், வரவேண்டிய நேரத்தில் வரமாட்டார். வாருங்களேன் என்று சத்தமாகவே சொன்னேன். அந்தோணி கேட்டிருப்பான்.

பஸ் வரவில்லை. தெற்கேயிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. அந்தோணி என்னை இடுப்போடு பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தான்.

நவம்பர் 26, புதன்

முழுசாக எழுத வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது.

விடிந்ததும் காற்று அடங்கியது. டிஎஸ்பி வயர்லெஸ்ஸில் மீட்புக் குழு வரும்வரை பாலத்தில் ஏறாதீர்கள் என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு ஏறினேன். அந்தோணியும் வந்தான்.

பாலம் நின்றது. ஆனால் நடுவில் இருந்த உயர்கோபுர விளக்குக் கம்பம் வேரோடு சாய்ந்து, கைப்பிடிச் சுவரை நொறுக்கி, சாலைக்குக் குறுக்கே கிடந்தது. வடக்குப் பக்கமாக விழுந்திருந்தது. அந்தோணிதான் அதைக் கவனித்தான். தெற்குக் காற்றில்தான் விழுந்திருக்கும் மேடம், நேற்று சங்கிலி அவிழ்த்ததற்கு அப்புறம் என்றான். எனக்கு மேலே கேட்க வேண்டியிருக்கவில்லை. கம்பத்தின் மேல் ஏறி இறங்கினேன்.

அந்தப் பக்கம் சாலை இருந்த இடத்தில் மணல். இரு புறமும் கடல், மண் நிறத்தில், எல்லை தெரியாமல். பனைகள் தலையில்லாமல் நின்றன. ஒரு ஃபைபர் படகு டிரான்ஸ்ஃபார்மர் மேடை மேல் உட்கார்ந்திருந்தது, யாரோ தூக்கி வைத்த மாதிரி. நான் நடந்தேன் என்பதைவிட ஓடினேன் என்பதுதான் சரி. ஓடும்போது என்ன நினைத்தேன்? வைப்பரை நினைத்தேன். ஒரு கையால் இழுத்துக்கொண்டு எப்படி ஓட்டுவார் என்று, அதையே திரும்பத் திரும்ப.

உப்பளம் முக்கில் சாலை ஒரு மதகின் மேல் ஏறி இறங்கும். அந்தச் சாலையில் உயரமான இடம் அதுதான். தூறல் மூட்டத்தில் கிட்டே போனதும்தான் பார்த்தேன். கால் நின்றுவிட்டது.

மதகு மேட்டில், நெடுஞ்சாலையின் நடுவே, பஸ் நின்றது. மூக்கு தெற்கே பார்த்திருந்தது. அதன் மேல் முழுக்கக் கயிறு. முன்னால் பம்பரிலிருந்து, பின்னால் ஏணியிலிருந்து, ஜன்னலில் நுழைத்து மறுபக்கம் இழுத்து, மதகின் கைப்பிடிச் சுவர்களில், பனை முண்டங்களில், களிமண்ணில் புதைத்த நங்கூரங்களில். ஆம், நங்கூரம். கயிற்றை விடாதவர்கள் நங்கூரத்தை விட்டுவிட்டா வருவார்கள்? வெள்ளையும் ஆரஞ்சுமாக மிதவைகள் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அலையில்லாத ஒரு துறையில் படகு கட்டிக் கிடப்பது மாதிரி, ஒரு அரசுப் பேருந்து சாலையில் கட்டிக் கிடந்தது. சக்கரத்தில் பாதி வரை மணல். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. ஜன்னல்களில் தலைகள். முதலில் யாரோ ஒரு குழந்தை எனக்குக் கையாட்டியது.

அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். சீருடை, தொப்பி, எதையும் யோசிக்கவில்லை. அழுதேன்.

பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கி வந்தது மீன்காரி அஞ்சம்மாள். அன்று பாலத்தில் கூடை ஏற்றிய அதே அஞ்சம்மாள். அவள்தான் எல்லாம் சொன்னாள். கயிறு சுருட்டி முடித்து மதகுக்கு வந்தபோது காற்று பஸ்ஸையே நகர்த்தத் தொடங்கியதாம். இவர் நிறுத்திவிட்டார். பாலம் தெரியும் தூரம்தான், போய்விடலாம் என்று பாதிப் பேர் கத்தியிருக்கிறார்கள். நாட்டார்தான் கயிறு இருக்கிறதே, கட்டிவிடுவோம் என்றாராம். மூக்கைக் காற்றுக்கு நேராக வை தம்பி என்றதும் இவர் பஸ்ஸைக் குறுக்கே ஒடித்து வடக்கே பார்க்க நிறுத்தினார். ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கிக் கட்டினார்கள். எல்லோரும் தரையில் படுத்தார்கள். தண்ணீர் படிக்கட்டு வரைக்கும் ஏறியதாம்.

பிறகு காற்று நின்றது. அப்போதுதான் பெரிய சண்டை. இப்போதே பாலத்தைத் தாண்டிவிடலாம் என்று எல்லோரும் இவர் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியதாம், வா வா என்று கூப்பிடுவது மாதிரி. அதைக் காட்டிக் காட்டிக் கத்தினார்களாம்.

"ஒம்புருசன் கேக்கல. காத்து திரும்பி அடிக்கும்போது நம்ம வண்டி பாலத்து நடுவுல நிக்கும், அங்க நிக்க மாட்டேன்னாரு. சாவிய எடுத்து பையில போட்டுக்கிட்டாரு. அப்புறம் நாட்டாரும் அவருமா கயித்த அவுத்து, வண்டிய திருப்பி, தெக்கால பாத்து மறுபடி கட்டுனாங்க. கட்டி முடிச்சதும் வந்துச்சும்மா."

டார்ச் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

டிரைவர் கதவு திறந்தது. இறங்கினார். வலது உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த புண். தாடி. ஒன்றரை மாதத்தில் இளைத்துப் போயிருந்தார், டிப்போ சாப்பாடு. என் முன்னால் வந்து நின்றார்.  அவரும் ரோட்டிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் நிறையப் பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் போலவே. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

 பிறகு சொன்னார், மெதுவாக, என்னைப் பார்த்தே சொன்னார்.

"எனக்குப் படிக்கத் தெரியும், மங்கை."

நான் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தெரியுங்க என்றேன். 

நாட்டார் கலியபெருமாள் அதற்குள் ஆட்களோடு கயிறு அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரு முழம்கூட வெட்டக்கூடாது, முடிச்சை அவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று சத்தம் போட்டார். போலீஸ் அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார்களாம். நானும் அந்தோணியும் போய் அவர்களோடு முடிச்சு அவிழ்த்தோம். உப்பும் மணலும் ஏறி இறுகிய முடிச்சுகள். நகம் இரண்டு உடைந்தது. எல்லாக் கயிறும் வந்தது.

நவம்பர் 28, வெள்ளி

ஸ்டேஷன் நாட்குறிப்பில் எழுதியது: உப்பளம் முக்கு மதகில் பேருந்து ஒன்று, பயணிகள் அனைவரும் நலம். நெடுஞ்சாலை நடுவே, விளக்கில்லாமல், குறுக்காக நிறுத்தியதற்கு மூன்று பிரிவுகளில் கேஸ் போடலாம். போடவில்லை.

வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தோணி வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று நம்பியது என் தப்பு. காபி குடிக்கும்போது கேட்டார்.

"உத்தரவு இல்லாம சங்கிலிய அவுத்தியாமே?"

காபி ஆறிவிடும் குடியுங்கள் என்றேன்.

நவம்பர் 30, ஞாயிறு

கரண்ட் இன்னும் வரவில்லை. பெரிய தெருவில் ஒருவர் ஜெனரேட்டர் வைத்து மாவு அரைத்துத் தருகிறார். ஊரே பாத்திரத்தோடு அங்கே நிற்கிறது. கைக்கட்டோடு அவர்தான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது. வரிசை தாறுமாறாக இருக்கிறது, ஆளாளுக்கு நுழைகிறார்கள், நீ வந்து நின்றால்தான் சரிப்படும், வா என்றார்.

போனேன். சீருடை போடவில்லை. வரிசையின் கடைசியில் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.